லைபீரியாவின் மீட்சியும் அயல்நாட்டு உதவியும்

2006-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள மன்ரோவியா நகரில் ஓர் எளிய விழா நடைபெற்றது. லைபீரியக் குடியரசின் தலைநகரம் அது. அன்று அந்நாட்டின் சுதந்திர தினம். அந்நகரத்தின் சில தெருக்களில் மின்விளக்குகள் ஏற்றப்பட்டன. விழா அவ்வளவே. ஆயினும் கூடி நின்ற மக்கள் அதனைக் கண்டு பெருமகிழ்ச்சி கொண்டனர். ஏனெனில், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாக அந்நகரத்துக்குப் பொது மின்சாரம் என்பதே இல்லை. அங்கே பிறந்து வளர்ந்த சிறுவர் பலருக்குத் தெருவிளக்கு என்பது வாழ்வில் அன்று கண்ட முதற்காட்சி.

அவ்விளக்குகளை எரியச் செய்த மின்சாரம் டீசல் எந்திரங்களிலிருந்து வந்தது. அது அயல்நாட்டு உதவியின் துணையால் கிடைத்தது. நாட்டுக்குரிய நீர்மின் நிலையமோ, நகரத்திலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவில், செயின்ட் பால் ஆற்றங்கரையில், உடைந்த அணையும் கொள்ளைபோன எந்திரக்கூடமுமாகப் பாழடைந்து கிடந்தது.

அயல்நாட்டு உதவி என்றதும் நம்மிடையே இருவகையான கருத்துகள் எழுவது வழக்கம். செல்வம் படைத்த நாடுகள் பொருளை வாரி வழங்கினால் வறிய நாடுகள் தாமே தலைதூக்கிவிடும் என்பர் ஒரு சாரார். பிறர் கொடுக்கும் பொருள் பெறுவோரைச் சோம்பேறிகளாக்கும், ஆள்வோரைக் கள்வராக்கும் என்பர் மற்றொரு சாரார். லைபீரியாவின் வரலாறோ இவ்விரு கூற்றுகளுக்கும் இடங்கொடாமல், நமக்கு வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. அப்பாடம் என்ன என்பதையே இன்று நாம் சிறிது ஆராய்வோம்.

முதலில் அந்நாட்டை அறிந்துகொள்வோம். லைபீரியா ஏறத்தாழ 1,11,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய நாடு. அடர்ந்த காடும், பெருமழையும், இரும்புத் தாதும், ரப்பர் தோட்டங்களும் நிறைந்த பூமி. அமெரிக்காவில் அடிமைத்தளையினின்றும் விடுபட்ட கறுப்பின மக்களுள் சிலர் 1822-ஆம் ஆண்டு முதல் இக்கரையிற் குடியேறினர். 1847-ஆம் ஆண்டில் அவர்கள் அதனைச் சுதந்திரக் குடியரசாகப் பிரகடனம் செய்தனர். அமெரிக்க ஜனாதிபதி மன்றோவின் பெயரே தலைநகருக்கு இடப்பட்டது. அடிமைகளாயிருந்தோர் அமைத்த குடியரசு எனினும், அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பல்வேறு ஆப்பிரிக்க இனத்தவருக்கு ஆட்சியில் உரிய இடம் கிட்டவில்லை. குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே 1980-ஆம் ஆண்டு வரையில் அரசியலையும் செல்வத்தையும் தம் கையில் வைத்திருந்தனர். பின்னாளில் மூண்ட தீயின் பொறி இவ்வேற்றத்தாழ்விலேதான் இருந்தது.

பிறரிடமிருந்து பொருள் பெறுவது லைபீரியாவுக்குப் புதிதன்று. 1871-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு இலட்சம் பவுன் கடன் எழுப்பப்பட்டது. அதில் 30 சதவீதம் தொடக்கத்திலேயே தள்ளுபடியாக நீக்கப்பட்டது; மூன்று ஆண்டு வட்டியும் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளப்பட்டது. மிஞ்சியதிலும் நாட்டுக்குப் பயன்பட்டது சிறிதே. அக்கடனால் எழுந்த கலகத்தில் அன்றைய ஜனாதிபதி பதவியே இழந்தார். பழைய கடன்களைத் தீர்ப்பதற்கென 1912-ஆம் ஆண்டில் 17 இலட்சம் டாலர் புதுக்கடன் வாங்கப்பட்டது. அதற்கு ஈடாகச் சுங்க வருவாயை வசூலிக்கும் அதிகாரம் அமெரிக்கர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் ஆகிய அயலாரின் கைக்குச் சென்றது. 1926-ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் என்னும் அமெரிக்க ரப்பர் கம்பெனிக்குப் பத்து இலட்சம் ஏக்கர் வரையிலான நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 6 சென்ட் வாடகையில், 99 ஆண்டுகளுக்கு விடப்பட்டது. அவ்வுடன்படிக்கையை ஒட்டியே 50 இலட்சம் டாலர் கடன் ஒன்றும் வந்தது. அதனுடன் நிதி ஆலோசகர்களும் வந்தனர்.

இவ்வாறு வந்த பொருளால் நாட்டில் தொழில் வளரவில்லையா எனின், வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ரப்பரும் இரும்புத் தாதும் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயின. ஆனால் 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் சிலர் லைபீரியாவை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டபோது, ‘முன்னேற்றமில்லாத வளர்ச்சி’ என்னும் பொருள்படும் தலைப்பையே அதற்குச் சூட்டினர். தாது போயிற்று, பணம் வந்தது, ஆனால் அப்பணத்தைப் பள்ளிக்கூடமாகவும் பாதையாகவும் மருத்துவமனையாகவும் நாடெங்கும் மாற்றவல்ல நிர்வாகம் தோன்றவில்லை.

1980-ஆம் ஆண்டில் படைவீரர் சிலர் ஜனாதிபதி டால்பர்ட்டைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினர். சாமுவேல் டோ என்பவர் அதிபரானார். வல்லரசுகளின் பனிப்போர்க் காலம் அது. அந்த ஆட்சிக்கு அமெரிக்கா அப்பத்தாண்டுகளில் ஏறத்தாழ 50 கோடி டாலர் வழங்கியது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரிய தொகை. அப்பணம் கொடுத்தவரின் அரசியல் நோக்கத்துக்குப் பயன்பட்டிருக்கலாம். பெற்ற நாட்டைக் காக்க அது உதவவில்லை. 1989-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சார்லஸ் டெய்லர் என்பவர் தலைமையில் உள்நாட்டுப் போர் மூண்டது. இடையிடையே ஓய்ந்தும் மீண்டும் மூண்டும் 2003-ஆம் ஆண்டு வரையில் அது நீடித்தது. இரண்டரை இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. சிறுவர்கள் கையில் துப்பாக்கிகள் திணிக்கப்பட்டன. பள்ளிகள் மூடப்பட்டன. மருத்துவர் நாட்டைவிட்டு ஓடினர்.

நேயர்களே, இந்த இருளிலிருந்து மீள்வதற்கு முதல் அடி எடுத்து வைத்தவர் யார் என்பதை நாம் மறத்தலாகாது. 2003-ஆம் ஆண்டில் மன்ரோவியாவின் மீன் சந்தை அருகேயுள்ள திடலில், வெண்ணிற ஆடை அணிந்த பெண்கள் நாள்தோறும் வெயிலிலும் மழையிலும் அமர்ந்து, போரை நிறுத்துமாறு வேண்டினர். கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக அமர்ந்தனர். கானா நாட்டில் சமாதானப் பேச்சு இழுபறியானபோது, அவர்களுள் சிலர் அங்கும் சென்று, மண்டபத்தின் வாயிலை மறித்து, உடன்பாடு காணாமல் எவரும் வெளியேறலாகாது என்றனர். அவ்வியக்கத்தை நடத்திச் சென்ற லேமா போவிக்கு 2011-ஆம் ஆண்டில் நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது. அவருடன் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டோருள் ஒருவர், அப்போது லைபீரிய ஜனாதிபதியாயிருந்த எல்லன் ஜான்சன் சர்லீஃப். ஆகவே, அயல்நாட்டு உதவி வந்து சேர்ந்தது, எழ வேண்டும் என்று தாமே துணிந்துவிட்ட மக்களிடத்தில் என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

அவ்வுதவி எவ்வெவ்வாறு வந்தது என்பதை இனி வரிசையாகக் காண்போம்.

முதலாவது, காவல். 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையின் சமாதானப் படை அங்கு வந்தது. 15,000 வீரர்கள் வரை அதில் இடம்பெறலாம் என்று பாதுகாப்புச் சபை அனுமதித்திருந்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனிடம் தம்மைப் பதிவுசெய்துகொண்டு போர்க்கோலம் களைந்தனர். இப்பணியில் நம் பாரத நாட்டுக்கும் பெருமைக்குரிய பங்கு உண்டு. 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த பெண் காவலர் அணி ஒன்று மன்ரோவியாவில் இறங்கியது. ஐக்கிய நாடுகள் பணியில் முற்றிலும் பெண்களைக் கொண்டு அமைந்த முதற் போலீஸ் அணி அதுவே. ஆண்டுதோறும் அணிகள் மாறி மாறி வர, 2016-ஆம் ஆண்டு வரையில் ஒன்பது ஆண்டுகள் அவர்கள் அங்கே பணியாற்றினர். இரவு ரோந்து சென்றனர். அரசாங்க அலுவலகங்களைக் காத்தனர். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தற்காப்பும் கணினியும் பயிற்றினர். சீருடை அணிந்த ஆணைக் கண்டாலே அஞ்சி ஒளிந்த பெண்கள், துணிந்து வந்து முறையிடும் நிலை உண்டாயிற்று. லைபீரியாவின் பாதுகாப்புத் துறையில் முன்பு ஏறத்தாழ 6 சதவீதமாயிருந்த பெண்களின் பங்கு, நம் அணி விடைபெற்றபோது 17 சதவீதமாக உயர்ந்திருந்தது. நம்மவர் விட்டுவந்த சின்னம் கல்லிலே கட்டியதன்று. காவற்பணியை ஏற்கலாம் என்று அந்நாட்டுப் பெண்களுக்குப் பிறந்த துணிவே அது.

இரண்டாவது, கணக்கு. போர் ஓய்ந்த பின்னரும் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் வசூலான பணம் கருவூலத்தை அடையவில்லை. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அளப்பதற்கே அங்கு ஆளில்லை. ஆதலின் 2005-ஆம் ஆண்டு செப்டம்பரில் இடைக்கால அரசாங்கத்துக்கும் உதவி நாடுகளுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி மத்திய வங்கி, துறைமுகம், விமான நிலையம், காட்டுத் துறை முதலிய இடங்களில் அயல்நாட்டு நிபுணர்கள் அமர்ந்தனர். அவர்களுடைய கையொப்பமும் இன்றிப் பணம் வெளியே செல்லாது என்பது விதி.

1912-ஆம் ஆண்டின் சுங்க அதிகாரிகளை நாம் இங்கே நினைவுகூரலாம். சுதந்திர நாட்டின் பணப்பெட்டிக்கு அயலான் சாவியா என்று பலர் மனம் வருந்தியதில் வியப்பில்லை. ஆயினும் இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. அன்று வந்தவர்கள் கடன் கொடுத்தவரின் பணத்தைக் காக்க வந்தார்கள். இம்முறை வந்தவர்களோ, லைபீரியரின் வருவாயை லைபீரியருக்குக் காக்கும் பொறுப்பை ஏற்றார்கள். குறித்த சில ஆண்டுகளில் தம் இடத்தை உள்நாட்டாரிடம் விட்டுச் செல்லவும் இசைந்தார்கள். 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் பதவியேற்ற ஜனாதிபதி சர்லீஃப், முன்னர் நிதியமைச்சராயும் உலக வங்கி அலுவலராயும் இருந்தவர். அவர் இவ்வேற்பாட்டை வெறுக்காமல் கருவியாக்கிக்கொண்டார். அவர் பதவியேற்ற ஆண்டில் அரசாங்க வரவு செலவுத் திட்டம் 8 கோடி டாலர் அளவினது. ஐந்தாண்டுகளுக்குள் அது மும்மடங்குக்கு மேற்பட்டது. நிபுணர்களும் விடைபெற்றனர். எனினும் ஊழல் அதனோடு மறைந்துவிட்டது என்று கூறினால் உண்மைக்கு மாறாகும். அது பின்னரும் அந்நாட்டை வாட்டிய நோயே. ஆனால் கணக்கேடு என ஒன்று இருந்தாலன்றோ கணக்கிலே கள்ளம் என்று கண்டுபிடிக்க முடியும்?

மூன்றாவது, கடன் தீர்வு. போருக்குப் பின் லைபீரியாவின் தலையில் இருந்த வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 490 கோடி டாலர். ஆண்டு வருமானம் 8 கோடி. கடன் 490 கோடி. அக்கடனிற் பெரும்பகுதி பழைய ஆட்சியாளர் வாங்கியதும், போர் நடந்த ஆண்டுகளில் வட்டிக்கு வட்டியாக ஏறியதுமாகும். 2009-ஆம் ஆண்டில் தனியார் கடன்காரரிடமிருந்த 120 கோடி டாலர்க் கடன், டாலருக்கு ஏறத்தாழ மூன்று சென்ட் விலையில், உதவி நாடுகளும் உலக வங்கியும் கொடுத்த பணத்தைக் கொண்டு மீட்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் சர்வதேச நிதி நிறுவனங்களும் கடன் கொடுத்த நாடுகளும் பெரும் கடன் தள்ளுபடிக்கு இணங்கின. மொத்தத்தில் ஏறத்தாழ 460 கோடி டாலர்ச் சுமை நீங்கியது.

இதற்கிடையே ஒரு விபரீதமும் நேர்ந்தது. 1978-ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட ஏறத்தாழ 60 இலட்சம் டாலர்க் கடனுக்கான பத்திரம் கைமாறிக் கைமாறி இரண்டு முதலீட்டு நிறுவனங்களிடம் சேர்ந்தது. அவை 2009-ஆம் ஆண்டில் லண்டன் நீதிமன்றத்தில் 2 கோடி டாலருக்குத் தீர்ப்புப் பெற்றன. பிணத்தைச் சுற்றும் கழுகுகள் என்று பத்திரிகைகள் அத்தகைய நிறுவனங்களைத் தூற்றின. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 2010-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, கடன் தள்ளுபடி பெற்ற வறிய நாடுகளிடம் முழுத்தொகையைக் கறப்பதற்குத் தடை விதித்தது. பிறகு அவ்விரு நிறுவனங்களும் சிறு பங்குடன் அமைதியடைந்தன. உதவி என்பது பணமாக மட்டும் வருவதன்று. சில சமயம் நியாயமான ஒரு சட்டமாகவும் வரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நான்காவது, மின்சாரம். செயின்ட் பால் ஆற்றிலுள்ள மவுண்ட் காபி நீர்மின் நிலையம் 1966-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடனுதவியுடன் கட்டி முடிக்கப்பட்டது. பின்னர் விரிவடைந்து 64 மெகாவாட் திறன் பெற்றது. 1990-ஆம் ஆண்டுப் போரில் ஊழியர் ஓட நேர்ந்தது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் பெருகியபோது மதகுகளைத் திறப்பார் இல்லை. வெள்ளம் அணைக்கு மேல் ஏறி அதன் ஒரு பகுதியை உடைத்துச் சென்றது. பின்பு வந்தவர்கள் செம்புக் கம்பி முதல் எந்திர உறுப்புகள் வரை பெயர்த்துச் சென்றனர். இதனை நாம் சற்று ஊன்றி நோக்க வேண்டும். அவ்வணையை முதலில் உடைத்தது குண்டன்று. மதகைத் திறக்க வேண்டிய மனிதன் அங்கில்லாமையே உடைத்தது.

நார்வே, ஜெர்மனி, ஐரோப்பிய முதலீட்டு வங்கி, அமெரிக்கா, லைபீரிய அரசாங்கம் ஆகியவை சேர்ந்து அந்நிலையத்தைப் புதுப்பிக்க முன்வந்தன. 2012-ஆம் ஆண்டளவில் வேலை தொடங்கியது. 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் டர்பைன் எந்திரம் சுழன்றது. மறு ஆண்டில் நான்கும் சுழன்று, 88 மெகாவாட் திறன் கிட்டியது. தெருவிளக்கு ஏற்றிய நாளிலிருந்து கணக்கிட்டால் பத்தாண்டுகளுக்கு மேலாயின. இடையிலே வேலை நின்றதற்குக் காரணமாயிருந்தது ஒரு கொடிய நோய். அதனைப் பற்றி இனிக் கூறவேண்டும். ஏனெனில் லைபீரியா பெற்ற உதவி முழுவதும் தேர்வுக்கு நின்ற காலம் அதுவே.

2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அண்டை நாடாகிய கினியாவிலிருந்து எபோலாக் காய்ச்சல் லைபீரியாவின் லோஃபா மாவட்டத்தில் நுழைந்தது. போர் நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தன. மருத்துவத்துக்கென வந்த அயல்நாட்டுப் பணமும் சிறிதன்று. ஆயினும் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு இருந்த மருத்துவர் ஏறத்தாழ ஐம்பதே பேர். வந்த பணத்தில் பெரும்பகுதி அரசாங்கத்தின் வழியே செல்லாமல், தனித்தனி அயல்நாட்டு அமைப்புகளின் வழியே தனித்தனி வேலைகளுக்குச் சென்றிருந்தது. ஓரிடத்தில் மலேரியாவுக்கு மருந்து இருந்தது. மற்றோரிடத்தில் பிரசவத்துக்கு வசதி இருந்தது. நாடு முழுமைக்கும் ஒரு நோயை இனங்கண்டு தடுக்கும் அமைப்பு மட்டும் வேர்கொள்ளவில்லை. கையுறையும் இன்றி நோயாளியைத் தொட்டுப் பணிசெய்த தாதிகள் தாமே நோயுற்று மாண்டனர். மருத்துவப் பணியாளர் மட்டும் ஏறத்தாழ 190 பேர் உயிர் துறந்தனர்.

ஆகஸ்டுத் திங்களில் அரசாங்கம் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் என்னும் நெருக்கமான குடிசைப் பகுதியைச் சுற்றிப் படையை நிறுத்தி, எவரும் வெளிவரக் கூடாது என்று கட்டளையிட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிப் பிரயோகத்தில் ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாட்களில் அக்கட்டளை கைவிடப்பட்டது. அச்சுறுத்தல் நோயை ஒளிக்கச் செய்யுமேயன்றி ஒழிக்காது என்பது விளங்கிற்று. அதன் பின்னர்ப் பேட்டை பேட்டையாக மக்கள் தாமே குழு அமைத்தனர். வாயிலில் குளோரின் கலந்த நீர் வாளி வைத்தனர். வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கண்டோரை எழுதிக்கொண்டனர். இறந்தோரைத் தொட்டுக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் வழிவழி வந்த சடங்கை, நெஞ்சு கனக்க நிறுத்தி வைத்தனர்.

வெளியுதவியும் பெருமளவில் வந்தது. அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் வந்து சிகிச்சை நிலையங்கள் கட்டினர். சீனா 100 படுக்கைகள் கொண்ட நிலையம் ஒன்றை அமைத்தது. பரிசோதனைக் கூடங்களும், காப்புடைகளும், அடக்கம் செய்யும் குழுக்களுக்குக் கூலியும் வந்தன. இவற்றின் பயனை நாம் குறைத்துக் கூறலாகாது. ஆனால் அமெரிக்கப் படையினர் கட்டிய 11 நிலையங்களுள் பல, நோய் தணியத் தொடங்கிய பின்னரே திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்பதில் ஒரு எபோலா நோயாளிகூடச் சேரவில்லை. 10,600-க்கு மேற்பட்டோரைப் பற்றி, 4,800 உயிர்களைக் கொள்ளைகொண்ட பின்னர், 2015-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் எபோலா நீங்கியதென முதன்முறை அறிவிக்கப்பட்டது. பின்னர்ச் சிற்சில பேருக்கு அது மீண்டும் கண்டபோது, விரைவில் அடக்கும் திறமையும் கைவந்திருந்தது.

அந்தத் துயரம் கற்பித்ததை லைபீரியா வீணாக்கவில்லை என்பது நமக்கு ஆறுதல் அளிக்கிறது. 2016-ஆம் ஆண்டில் சுகாதார உதவியாளர் திட்டம் ஒன்று நாடு தழுவித் தொடங்கப்பட்டது. மருத்துவ நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்களில், அவ்வூர்க்காரர் ஒருவரையே தேர்ந்து, பயிற்சி அளித்து, மாதம் 70 டாலர் ஊதியமும் தந்து, குழந்தைகளின் மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா ஆகியவற்றைக் கவனிக்கச் செய்வது அத்திட்டம். நாலாயிரம் பேர் அளவில் இதில் நியமிக்கத் திட்டமிட்டனர். உதவி நாடுகள் பணம் தந்தன. ஆனால் திட்டம் அரசாங்கத்தினுடையது. வேலை செய்பவர் அந்தந்த ஊரார். ஐந்து கிலோமீட்டர் என்பது சாலையும் ஊர்தியும் உள்ளவர்க்குச் சிறு தொலைவு. மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில், காய்ச்சலுற்ற குழந்தையைத் தோளிற் சுமந்து செல்லும் தாய்க்கு அதுவே உயிருக்கும் சாவுக்கும் இடையேயுள்ள தூரம். அத்தாயின் வாயிலுக்கே மருந்துப் பெட்டியுடன் ஒருவர் வரத் தொடங்கினார்.

மீண்டும் மின்சாரத்துக்கு வருவோம். எந்திரம் சுழன்றதோடு இன்னல் தீரவில்லை. கோடைக்காலத்தில் ஆறு மெலிய, மின்சாரமும் மெலிந்தது. அதைவிடக் கொடிது, கம்பியிலே கொக்கி மாட்டி மின்சாரம் திருடுவது. சில ஆண்டுகளில், நிலையத்திலிருந்து புறப்பட்ட மின்சாரத்திற் பாதிக்கும் மேற்பட்டது பணமாகத் திரும்பவில்லை. 2019-ஆம் ஆண்டில் மின்திருட்டைக் கடுங்குற்றமாக்கிச் சட்டம் வந்தது. ஆனால் இணைப்புக்கு மனுச்செய்து மாதக்கணக்கிற் காத்திருக்கும் ஏழைக்குச் சட்டம் மட்டும் விடையாகுமா? இணைப்பு எளிதாகவும், கட்டணம் நியாயமாகவும், கணக்கெடுப்போர் நேர்மையாகவும் இருத்தல் வேண்டும். அணையைக் கட்ட நார்வேயும் ஜெர்மனியும் உதவலாம். மீட்டரைப் படித்துப் பட்டியல் கொடுத்துப் பணம் பெறும் வேலையை நாட்டாரே செய்தாக வேண்டும். இவ்விரண்டாவது வேலைக்குத் திறப்பு விழா இல்லை. பெயர்ப் பலகையும் இல்லை. ஆனால் முதல் வேலையின் ஆயுள் இதனையே பொறுத்திருக்கிறது.

அண்மைக்காலத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இவ்வுண்மையை வன்மையாக உணர்த்திவிட்டது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் தன் அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்தி வைத்தது. அவ்வுதவியை வழங்கி வந்த நிறுவனம் அவ்வாண்டு ஜூலை முதல் நாளோடு தன் பணியை முடித்துக்கொண்டது. நாட்டு வருமானத்தோடு ஒப்பிடுங்கால், அமெரிக்க உதவியை மிக அதிகமாக நம்பியிருந்த நாடுகளுள் லைபீரியா ஒன்று. கிராம மருத்துவ நிலையங்களில் மருந்து குறைந்தது. நோயாளியை ஏற்றிச் செல்லும் ஊர்திக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் பலர் வேலை இழந்தனர். கொடுப்பவர் கையை மூடிய நாளில் வாங்குபவரின் குழந்தைக்கு மருந்தில்லை என்றால், அக்குழந்தை செய்த பிழை யாது? உதவியை நிறுத்துவதாயினும், முன்னறிவித்து, படிப்படியாக, பொறுப்பை ஒப்படைத்து நிறுத்துவதே அறம். அதேபோல், பெறும் நாடும் ஒருவர் கையையே நம்பி உயிரான பணிகளை அமைத்தல் ஆகாது. ஆண்டுதோறும் தன் வருவாயில் ஒரு பங்கை அவற்றுக்கென ஏற்றிக்கொண்டே செல்லுதல் வேண்டும்.

இதனை உணர நாம் வெகு தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் நாடும் உதவி பெற்றே எழுந்தது. 1956-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் அமெரிக்கக் கோதுமை நம் துறைமுகங்களில் இறங்கியது. அது பசியைத் தணித்தது. ஆயினும் கப்பலை எதிர்பார்த்திருக்கும் நிலையையும் உண்டாக்கியது. சோவியத் உதவியுடன் பிலாயில் எழுந்த உருக்காலை 1959-ஆம் ஆண்டில் இரும்பு வார்த்தது. வந்த நிபுணர்கள் நம் பொறியாளரைப் பழக்கிவிட்டுத் திரும்பினர், ஆலை நம்முடையதாயிற்று. பின்னர் நாமே நம் வயல்களில் புதுவித்துகளை விளைத்துக் கப்பற் கோதுமையினின்றும் விடுதலை பெற்றோம். 1964-ஆம் ஆண்டு முதல் ஆப்பிரிக்க, ஆசிய நாட்டினரை அழைத்து இங்கே தொழில்நுட்பப் பயிற்சி அளித்தும் வருகிறோம். வாங்கிய கையே கொடுக்கும் கையாக மாறியதனால், இரு நிலையின் அருமையும் வேதனையும் நாம் அறிவோம்.

நேயர்களே, கட்டடம் எழுப்புவோர் முதலில் சாரம் கட்டுகின்றனர். சாரமின்றி உயர்ந்த சுவர் எழாது. ஆனால் சாரமே சுவராகிவிடாது. சுவர் காயுமுன் சாரத்தைப் பிரித்தால் சுவர் சரியும். சுவரே வைக்காமல் சாரத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால், பிரிக்கும் நாளில் அங்கே ஒன்றும் இராது. லைபீரியாவில் இரண்டும் நிகழ்ந்ததை நாம் கண்டோம். பணியாளர் பயின்று, கணக்கேடு நிலைத்து, ஊரார் பொறுப்பேற்ற இடங்களில் சுவர் நின்றது. ஏனைய இடங்களில் சாரம் பிரிந்ததும் வெளி தெரிந்தது.

நின்ற சுவர்களைக் குறைவாக மதித்தல் ஆகாது. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜனாதிபதி சர்லீஃப் தம் பதவியை, தேர்தலில் வென்ற ஜார்ஜ் வேயாவிடம் ஒப்படைத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் மற்றொருவருக்கு அமைதியாக ஆட்சியை மாற்றியது 1944-ஆம் ஆண்டுக்குப் பின் அதுவே முதன்முறை. அவ்வாண்டு மார்ச்சில் ஐக்கிய நாடுகள் படையும் நாட்டைவிட்டு வெளியேறியது. படை போனபின் 2023-ஆம் ஆண்டில் நடந்த தேர்தலில், ஆட்சியிலிருந்த வேயா சிறு வேறுபாட்டில் தோற்றார். தோல்வியைத் தாமே ஒப்புக்கொண்டு, ஜோசப் போகாய்க்கு வழிவிட்டார். துப்பாக்கியால் ஆட்சி மாறிய நாட்டில் வாக்குச் சீட்டால் ஆட்சி மாறியது. காவல் நின்ற அயல்நாட்டார் அப்போது அங்கில்லை. அந்நாடு 2013-ஆம் ஆண்டிலேயே மாலி நாட்டின் அமைதிப் பணிக்குத் தன் வீரர்களையும் அனுப்பத் தொடங்கியிருந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூனில், ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் நிரந்தரமல்லாத உறுப்பினருள் ஒன்றாகவும் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. எந்தச் சபை தனக்குப் படை அனுப்பியதோ, அச்சபையிலேயே அது இடம்பெற்றது.

ஆகவே, உதவியை அளப்பதற்கு நாம் கொள்ளவேண்டிய கோல் எது? எத்தனை கோடி டாலர் வந்தது என்பதன்று. உதவியாளர் விடைபெற்றுச் சென்ற மறுநாட் காலையில், மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவ்வூரில் யார் புறப்படுகிறார், வெள்ளம் வரும் இரவில் மதகைத் திறக்க அணையின் மேல் யார் நிற்கிறார் என்பதே. அங்கு நிற்பவர் அந்நாட்டாராயிருந்து, அவருக்குரிய ஊதியமும் அந்நாட்டுக் கருவூலத்திலிருந்தே வருமாயின், கொடுத்தவர் கொடை பயன்பெற்றது. பெற்றவர் மானமும் காக்கப்பட்டது.